ஹாஸ்டல் கட்டிலும் 77,000 ஆண்டுக் கோரையும்: தெரியுமா?

எழுபத்தேழாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் மனிதன் எதில் படுத்தான் தெரியுமா? கோரையில்!

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகருக்கு வடக்கே சிபுடு என்றொரு பாறைக்குகை இருக்கிறது. அங்கே தோண்டிய தொல்லியலாளர்கள், படுக்கை மேல் படுக்கையாகப் பரப்பிய அடுக்குகளைக் கண்டெடுத்து 2011இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்டார்கள். அடியில் ஆற்றங்கரைக் கோரை. அதன்மேல் பூச்சியை விரட்டும் ஒரு மரத்தின் இலைகள். அந்த மரம் எந்தக் குடும்பம் தெரியுமா? நாம் பிரியாணிக்குப் போடுகிற பட்டையின் குடும்பம்! படுக்கை பழசானதும் கொளுத்திவிட்டு, அதே இடத்தில் புதிதாகப் பரப்பியிருக்கிறார்கள். அதே நாட்டிலுள்ள பார்டர் குகையில் இன்னும் பழைய படுக்கை கிடைத்திருக்கிறது. வயது 2 லட்சம் ஆண்டு! அங்கே புல்லுக்கு அடியில் சாம்பலைப் பரப்பியிருந்தார்கள். சாம்பல் இருக்கிற இடத்தில் பூச்சி ஊர்ந்து வரத் தயங்கும். விதைப் பயறில் சாம்பலைப் பிசறி வைக்கிற நம்மூர்ப் பாட்டிகளுக்கு இது புதுச் செய்தியே இல்லை.

மெத்தென்று இருக்க வேண்டும், காற்றோட்டம் வேண்டும், பூச்சி அண்டக் கூடாது. குகை மனிதன் தேடிய இந்த மூன்றைத்தான், முதலாம் ஆண்டு சேர்ந்து, பக்கெட்டும் மக்குமாக ஹாஸ்டல் அறைக்குள் நுழைகிற பிள்ளையும் தேடுகிறது. அங்கே காத்திருப்பது பெரும்பாலும் ஆறடிக்கு மூன்றடி இரும்புக் கட்டில், நடுவில் ஒரு தகடு, அவ்வளவுதான். அதன்மேல் எதைப் போட்டுப் படுப்பது என்பதில் இயற்பியல், தாவரவியல், நெசவு, பூச்சியியல் எல்லாம் அடங்கியிருக்கின்றன என்றால் நம்புவீர்களா?

கட்டாந்தரையில் படுத்தால்தான் முதுகுக்கு நல்லது என்று சொல்லாத பெரியவர் உண்டா? 2003இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஸ்பெயின் மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் பாதிப் பேருக்குக் கெட்டியான மெத்தை, மீதிப் பேருக்கு நடுத்தரமான மெத்தை கொடுத்து 90 நாள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். வலி நன்றாகக் குறைந்தது யாருக்கு? நடுத்தர மெத்தைக்காரர்களுக்கு! தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும், நடு முதுகு தொய்யாமல் தாங்கப்பட வேண்டும். வெறும் தகட்டில் ஒரு போர்வையை விரித்துப் படுக்கிற பிள்ளையின் இடுப்பெலும்பு காலையில் ஏன் வலிக்கிறது என்று இப்போது புரிகிறதா?

இந்த விஷயம் மனிதக் குரங்குக்கே தெரியும்! சிம்பன்சிகள் ஒவ்வொரு நாளும் மாலையில் மரத்தின் மேல் கிளைகளை வளைத்துப் புதுப் படுக்கை போடுகின்றன. உகாண்டாவின் செம்லிக்கி காட்டில் 1,844 படுக்கைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கில் மூன்று படுக்கைகள் ஒரே வகை மரத்தில் இருந்தன. அந்தக் காட்டில் அந்த மரம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! தேடிப்போய் அதையே பிடித்திருக்கின்றன. ஏன்? ஆய்வாளர்கள் சோதித்த மரங்களிலேயே அதன் கிளைதான் மிக உறுதியானது, எளிதில் வளையாதது. உறுதியான சட்டம், அதன்மேல் மெல்லிய தழை. மெத்தைக் கடையில் நாம் கேட்க வேண்டியதும் இதையேதான்.

இன்னொன்று கேளுங்கள். தான்சானியாவில் சிம்பன்சிகளின் 41 படுக்கைகளைத் துடைத்தெடுத்துக் கிருமி ஆய்வு செய்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நம் படுக்கையில் இருக்கிற பாக்டீரியாவில் 35 விழுக்காடு நம் உடம்பிலிருந்தே வந்தது. சிம்பன்சி படுக்கையில் அது வெறும் 3.5 விழுக்காடு! தினம் புதுப் படுக்கை போடுவதன் பலன் அது. நாம் தினம் மெத்தை மாற்ற முடியாது. ஆனால் வாரம் ஒருமுறை விரிப்பை மாற்றலாம் அல்லவா?

சரி, மெத்தைக்கு வருவோம். இலவம் பஞ்சைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? “இலவு காத்த கிளி” தெரியும். அந்தக் கிளி காத்திருந்து ஏமாந்த காய்க்குள் இருப்பது எவ்வளவு பெரிய அதிசயம் என்பது தெரியுமா?

இலவம் இழை ஒவ்வொன்றும் உள்ளே கூடான குழல். இழையின் பெரும்பகுதி வெறும் காற்று! வெளியே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் ஒட்டாது. நீரில் போட்டால் தன் எடையைப் போல 30 மடங்கு வரை எடையைத் தாங்கி மிதக்கும். இதனால்தான் கப்பல்களின் உயிர்காப்பு உடைகளுக்குள் பல பத்தாண்டுகளாக இலவம் பஞ்சை அடைத்தார்கள். இரண்டாம் உலகப்போரில், பஞ்சு வந்துகொண்டிருந்த ஜாவாவை ஜப்பான் பிடித்தது. அமெரிக்காவுக்கு இலவம் பஞ்சு வருவது நின்றுபோனது. என்ன செய்தார்கள் தெரியுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் காட்டுக்கும் வயலோரத்துக்கும் அனுப்பி, அங்கே விளைகிற ஒரு பால்செடியின் காய்களை மூட்டை மூட்டையாகப் பறிக்கச் சொன்னார்கள். இரண்டு மூட்டைக் காய் ஓர் உயிரைக் காக்கும் என்பதுதான் அன்றைய முழக்கம். அந்தச் செடி, நம் சாலையோரம் பஞ்சைப் பறக்கவிடுகிற எருக்கின் நெருங்கிய உறவு!

அப்பேர்ப்பட்ட பஞ்சு நம் தேனி மாவட்டத்தில், போடிநாயக்கனூர் பக்கமெல்லாம் மரத்தில் தொங்குகிறது. இலவம் பஞ்சு மெத்தையில் படுத்தால் உடம்புச் சூடு அடங்கும் என்று வீட்டில் சொல்வார்கள். ஃபோம் மெத்தையோடு வைத்துப் பார்த்தால் அது பெரும்பாலும் உண்மைதான். பஞ்சுக்கு நடுவே காற்று போய்வர இடம் இருக்கிறது, வியர்வை ஈரம் வெளியேறுகிறது. ஒரு குறையும் உண்டு. நாளாக ஆக அமுங்கி, அங்கங்கே கட்டி தட்டும். அதற்கு மருந்து வெயில். மாதம் ஒருமுறை மொட்டைமாடியில் போட்டு, மதியம் ஒருமுறை புரட்டி, கம்பால் நான்கு தட்டு தட்டினால் ஈரம் போய் உப்பி எழும். பழைய மெத்தையைப் பிரித்துப் பஞ்சை அடித்துப் புது உறையில் நிரப்பித் தரும் கடைகள் இன்றும் சிற்றூர்களில் இருக்கின்றன. ஃபோம் மெத்தைக்கு இப்படி ஒரு மறுபிறவி உண்டா? வீசிங் தொல்லை உள்ள பிள்ளை மட்டும் நெருக்கமாக நெய்த உறை போட்டுக்கொள்ள வேண்டும், பஞ்சுத் தூசி மூச்சுக்கு ஆகாது.

ஃபோமே வேண்டும் என்கிறீர்களா? அப்படியானால் கடைக்காரர் சொல்கிற “40 டென்சிட்டி” என்பதன் பொருளைத் தெரிந்துகொண்டு போங்கள். பல பேர் அதை மெத்தை எவ்வளவு கெட்டி என்பதன் அளவு என்று நினைக்கிறார்கள். இல்லவே இல்லை! ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். எடை கூடினால் பொதுவாக நாள்பட உழைக்கும், சீக்கிரம் குழி விழாது. இதில் ஓர் அருமையான சோதனை ஒளிந்திருக்கிறது. ஆறடி நீளம், மூன்றடி அகலம், நான்கு அங்குலக் கனம் உள்ள மெத்தையின் கன அளவு 0.17 கன மீட்டர். அது உண்மையிலேயே 40 டென்சிட்டி என்றால் உறை நீங்கலாக 6.8 கிலோ இருக்க வேண்டும். 32 டென்சிட்டி என்றால் 5.4 கிலோ. தராசில் வைத்துப் பாருங்கள். மூன்றரைக் கிலோதான் காட்டுகிறதா? அது 20 டென்சிட்டி, ஒரு பருவத்தேர்வு முடிவதற்குள் நடுவில் பள்ளம் விழும். கடையில் நாள் முழுக்கப் பேச்சு கேட்பதைவிட இந்த ஒரு கணக்கு மேல்.

உடம்பின் வடிவத்துக்கு அமிழ்ந்து கொடுக்கிற மெமரி ஃபோம் எங்கே பிறந்தது தெரியுமா? படுக்கையறையிலே இல்லை. 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கையில் அதிர்ச்சியைத் தாங்குவதற்கென்று சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கியது. உடம்புச் சூடு பட்டால் இளகும், குளிர்ந்தால் இறுகும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ டிசம்பரில் படுத்தால் முதலில் பலகை மாதிரி இருக்கும். சென்னை, வேலூர், திருச்சியில் மே மாதம் படுத்தால் உடம்பைச் சுற்றி அணைத்துக்கொண்டு சூட்டை வெளியே விடாது. ஏசி இல்லாத ஹாஸ்டல் அறைக்கு அதைவிட்டு, தென்னை நாரில் ரப்பர் பால் தெளித்துச் செய்கிற காயர் மெத்தையை நான் ஆயிரம் முறை சிபாரிசு செய்வேன். நார்களுக்கு இடையே காற்று புகுந்து வெளியேறும். மேலே ஓர் அங்குல இலவம் பஞ்சு மெத்தையோ இரண்டு மடிப்பு ஜமக்காளமோ போட்டால் முதுகும் தாங்கும், எலும்பும் உறுத்தாது.

இப்போது அடித்தளம். தூங்கும்போது ஒரு பெரிய ஆளின் உடம்பு வெளியிடும் வெப்பம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 70 வாட்! ஒரு பழைய குண்டு பல்பு இரவு முழுக்க மெத்தைக்குள் எரிகிற கணக்கு. கூடவே வியர்வையும் மூச்சுமாக ஒரு டம்ளர் அளவு நீர் உடம்பிலிருந்து வெளியேறுகிறது. மெத்தைக்குள் இறங்கிய ஈரம் கீழே இரும்புத் தகட்டைத் தொட்டால் அங்கேயே தங்கிவிடும், போக வழியில்லை. சில மாதம் கழித்து மெத்தையைத் தூக்கிப் பாருங்கள், அடியில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை பூத்திருக்கும். தீர்வு என்ன? தகட்டுக்கும் மெத்தைக்கும் நடுவே ஒரு கோரைப்பாய்! கோரைத் தண்டு உள்ளே பஞ்சு போன்ற துளைகள் நிறைந்தது, பாவுநூலுக்கு நடுவே சந்து விட்டு நெய்யப்படுகிறது. காற்றுக்கு ஒரு மெல்லிய பாதை கிடைத்துவிடும். தகட்டில் மெத்தை வழுக்காது. புரளும்போது தகடு ‘டொம்’ என்று எழுப்பும் ஓசையும் அடங்கும், கீழ்க்கட்டிலில் படுத்திருக்கும் அறைத்தோழன் வாழ்த்துவான்.

இதற்குப் பத்தமடைப் பாய் தேவையில்லை. தாமிரபரணிக் கரைக் கோரையைப் பட்டுப்போல மெலிதாகக் கிழித்து நெய்கிற அந்தப் பாய் புவிசார் குறியீடு பெற்ற கலைப்பொருள். அதை மெத்தைக்கு அடியில் மறைப்பது பாவம். கரூர், முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் விளைகிற கோரையில் நெய்த சாதாரணப் பாய் போதும். பிளாஸ்டிக் பாய் மட்டும் வேண்டாம், அது ஈரத்தைப் பூட்டிவைக்கும். மலை ஊர் ஹாஸ்டல் என்றால் பாயின்மேல் ஒரு பவானி ஜமக்காளத்தையும் போடுங்கள். குளிர் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை, இரும்புத் தகடு வழியாகக் கீழேயிருந்தும் உடம்புச் சூட்டை உறிஞ்சும். இரண்டு கம்பளி போர்த்தியும் நடுங்குகிற பிள்ளைகள் பலர். மேலே போர்த்திய ஒன்றை எடுத்து அடியில் விரித்தால் தீர்ந்தது!

கட்டில் கிறீச்சிடுகிறதா? இரும்போடு இரும்பு உரசுகிற மூட்டுகளில்தான் அந்தச் சத்தம். திருகாணியை முடுக்கி, நடுவே பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டிச் செருகுங்கள். சத்தம் போயே போச்சு.

இனி நான் மிகவும் ரசித்த கணக்கு. ஒரு சாதாரணப் பருத்திச் சேலையின் நீளம் ஐந்தரை மீட்டர். அதை மூன்றாக மடித்தால் ஒரு மடிப்பு எவ்வளவு வரும்? 1.83 மீட்டர், அதாவது சரியாக ஆறடி! ஹாஸ்டல் கட்டிலின் நீளம்! சேலையின் அகலம் ஏறக்குறைய நான்கு அடி. மூன்றடி மெத்தையில் விரித்தால் இரண்டு பக்கமும் அரையடி செருகுவதற்கு மிஞ்சும். அம்மாவின் பழைய சேலை ஒன்று, யாரும் அளவெடுத்துத் தைக்காமலே, மூன்றடுக்கு விரிப்பாகப் பொருந்திவிடுகிறது! பலமுறை துவைத்த பருத்தியில் கஞ்சியும் முரட்டுப் பிசிறும் போய்விடுவதால் புதுத் துணியில் கிடைக்காத மென்மையும் வந்துவிடுகிறது. வீட்டை விட்டு முதல்முறை வெளியே படுக்கிற பிள்ளைக்கு அதில் அம்மாவின் வாசமும் இருக்கும். அது எந்த ஆய்வகத்தின் கணக்கிலும் வராது.

பருத்திதான் வேண்டும் என்று ஏன் அடித்துச் சொல்கிறேன் தெரியுமா? வழக்கமான ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் சுமார் 8 விழுக்காடு ஈரத்தை உள்ளே வாங்கிவைத்துக்கொள்ளும். பாலியஸ்டர்? 0.4 விழுக்காடு! இருபது மடங்கு வித்தியாசம். பளபளப்பாகப் பூப்போட்டு, விலை குறைவாகக் கிடைக்கிற விரிப்புகளில் பல பாலியஸ்டர். அதில் படுத்தால் வியர்வை துணிக்குள் போகாமல் முதுகிலேயே பிசுபிசுக்கும். சென்னிமலைக் கைத்தறிப் போர்வை, கரூர் விரிப்பு என்று கேட்டு வாங்குங்கள். கரூரில் நெய்த விரிப்புகள் கடல் கடந்து வெளிநாட்டுப் படுக்கையறைகளுக்குப் போகின்றன, நம் பிள்ளைகள் மட்டும் ஏன் பாலியஸ்டரில் வேக வேண்டும்?

வேகிற பேச்சு வந்ததால் மின்விசிறி. சங்க காலத்திலேயே விசிறியின் அருமை தெரிந்த ஓர் அரசன் இருந்தான், அறிவீர்களா? களைத்து வந்த புலவர் மோசிகீரனார், அரண்மனையில் பூப்பரப்பிய மெத்தென்ற கட்டிலைக் கண்டு படுத்து உறங்கிவிட்டார். அது முரசுக்கட்டில். அதில் ஏறியவருக்குத் தண்டனை மரணம். ஆனால் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை வாளை வீசவில்லை, அவர் எழுகிற வரை கவரியால் வீசிக்கொண்டு நின்றான்! புறநானூற்றின் 50ஆம் பாட்டில் புலவரே இதைப் பதிவு செய்திருக்கிறார். உறங்குகிறவருக்குக் காற்று ஏன் அவ்வளவு சுகம்? உடம்பைச் சுற்றி வெதுவெதுப்பான ஈரக் காற்று ஒரு படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். விசிறி அதைக் கலைத்து விரட்டுகிறது, வியர்வை ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அறைக்கு ஒரே விசிறிதான் என்றால் சுவரோரக் கட்டிலைக் கொஞ்சம் உள்ளே இழுத்து, காற்று படுகிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தூக்கத்தின் சாவி பாதத்தில் இருக்கிறது என்றால்? 1999இல் ‘நேச்சர்’ இதழில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் எழுதினார்கள்: கையும் காலும் வெதுவெதுப்பாக இருப்பவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் வருகிறது! ரத்தம் பாதத்துக்குப் பாய்ந்து, அங்கே சூட்டை வெளியே விடுகிறது. அதனால் உடம்பின் உட்புறம் குளிர்கிறது. உட்புறம் குளிர்ந்தால் மூளை தூக்கத்துக்கு வழிவிடுகிறது. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் வெந்நீரில் குளித்தாலும் இதே வேலை நடக்கும். குளிர் ஊரில் சாக்ஸ். வெயில் ஊரில் போர்வைக்கு வெளியே பாதம்.

இப்போது, ஹாஸ்டல் என்றதும் எல்லோரும் பயப்படுகிற எதிரி: மூட்டைப்பூச்சி!

இரும்புக் கட்டில் உலகெங்கும் பரவியதற்கே மூட்டைப்பூச்சி ஒரு காரணம் தெரியுமா? 19ஆம் நூற்றாண்டில், மரச்சந்துகளில் ஒளிகிற பூச்சிக்கு அஞ்சித்தான் மருத்துவமனைகளும் விடுதிகளும் இரும்புக்கு மாறின. ஆனாலும் பூச்சி தோற்கவில்லை. மெத்தையின் தையல் மடிப்பு, சுவர் விரிசல், ஸ்விட்ச் பெட்டி எல்லாம் அதன் வீடு. சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். விடுமுறைக்குப் பூட்டிய அறை திறந்ததும் மறுபடி கடிக்கிறதே, அது இதனால்தான். நம் மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவும் உடம்புச் சூடும் அதற்கு வழிகாட்டி.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் ஒரு சோதனை செய்தார்கள். துவைத்த துணிப்பைகள் ஒருபக்கம், உடுத்திக் கழற்றிய துணிப்பைகள் ஒருபக்கம். பூச்சிகள் உடுத்திய துணியைத் தேடி இரண்டு மடங்கு போயின! கட்டிலுக்கு அடியில் அழுக்குத் துணியைக் குவித்துவைக்கிற தம்பிமார்களே, தங்கைமார்களே, விருந்துக்கு அழைப்பிதழ் வைக்கிறீர்கள்! வாய் கட்டிய பையில் போட்டு, கட்டிலுக்குத் தள்ளி வையுங்கள். இன்னொரு ஆய்வில், 2016இல், வெவ்வேறு நிறத்தில் சின்னச் சின்னக் கூடாரம் செய்து வைத்தார்கள். மூட்டைப்பூச்சிகள் சிவப்பிலும் கறுப்பிலும் போய் ஒளிந்தன. மஞ்சளையும் பச்சையையும் ஒதுக்கின! வெளிர்நிற விரிப்பு போட்டால் இன்னொரு லாபமும் உண்டு. பூச்சியின் கறுப்புக் கறை உடனே கண்ணில் படும்.

பால்கன் நாடுகளில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. இரவில் தரையெங்கும் அவரை இனச் செடியின் இலைகளைப் பரப்புவார்கள். காலையில் பார்த்தால் இலையெல்லாம் மூட்டைப்பூச்சி! அள்ளிக் கொளுத்துவார்கள். எப்படி என்று 2013இல் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத கொக்கி முடிகள் இருக்கின்றன, அவை பூச்சியின் காலைக் குத்திப் பிடித்துக்கொள்கின்றன!

நமக்குக் கை கொடுப்பது சூடு. 50 டிகிரியைத் தாண்டினால் பூச்சியும் முட்டையும் மிஞ்சாது. இரும்புக் கட்டிலை வெயிலில் போட்டு, மூட்டுகளிலும் குழாய் வாயிலும் கொதிக்கும் நீரை ஊற்றுங்கள். விரிப்பையும் உறையையும் சுடுநீரில் ஊறவைத்துத் துவைத்து, தையல் ஓரமாக அழுத்தி இஸ்திரி போடுங்கள். மெத்தையின் உள்ளே மட்டும் வெயிலின் சூடு எளிதில் இறங்காது, பூச்சி நிழல் பக்கம் நகர்ந்துகொள்ளும். கடுமையாகப் பரவியிருந்தால் வார்டனிடம் சொல்லி மொத்தத் தளத்துக்கும் மருந்து அடிக்கச் சொல்வதுதான் வழி. ஓர் அறைக்கு மட்டும் அடித்தால் பக்கத்து அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். மண்ணெண்ணெய் ஊற்றுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம், மெத்தையும் சார்ஜர் வயரும் இருக்கிற இடத்தில் அது தீயோடு விளையாட்டு.

கொசுவலை கட்ட வேண்டியதைச் சொல்லவே வேண்டாம். டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, மதியத் தூக்கத்துக்கும் வலையை இறக்கிவிடுங்கள்.

“எழுந்ததும் படுக்கையை மடி” என்பது வீட்டுச் சட்டம். இங்கிலாந்தின் கிங்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் 2005இல் அதற்கு நேர்மாறாகச் சொன்னார்! தூசிப்பூச்சி என்று ஓர் உயிர் மெத்தைக்குள் வாழ்கிறது. கடிக்காது, ஆனால் அதன் கழிவு தும்மலையும் இளைப்பையும் கிளப்பும். அது தண்ணீர் குடிப்பதே இல்லை, காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சியே வாழ்கிறது. நம் வியர்வை ஈரம் காயும் முன்னே மடித்து மூடினால் அதற்குக் கொண்டாட்டம். ஆகவே எழுந்ததும் போர்வையை உதறி, விரிப்பைத் திறந்தே விட்டுவிட்டுக் குளிக்கப் போங்கள். வந்து மடித்தால் போதும்.

தலையணை விஷயத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு உயரம். பழைய எகிப்தியர்கள் மரத்திலும் கல்லிலும் செய்த பிறைவடிவத் தாங்கியில் தலை வைத்துப் படுத்தார்கள், துட்டன்காமன் கல்லறையிலேயே தந்தத்தில் செய்தது கிடைத்திருக்கிறது. அவர்களுக்கு முக்கியம் மென்மை இல்லை, உயரம்! ஒருக்களித்துப் படுக்கிறவருக்குத் தோளுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்புகிற உயரம் வேண்டும். மல்லாந்து படுக்கிறவருக்கு அதில் பாதி போதும். ஹாஸ்டலில் சுலபமான வழி: அறைத்தோழரிடம், நீங்கள் ஒருக்களித்துப் படுத்திருக்கும்போது முதுகுப்பக்கமிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கழுத்தும் முதுகெலும்பும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் சரி. தலை தொங்கினால் உறைக்குள் இரண்டு டீ-சர்ட்டை மடித்துச் செருகுங்கள். தலைபாரம் உள்ளவர்கள் நொச்சி இலையை நிழலில் உலர்த்தி உறைக்குள் வைப்பது நம் பழைய வழக்கம். ராத்திரி பரோட்டா சாப்பிட்டு நெஞ்சு கரிக்கிறதா? இடப்பக்கம் திரும்பிப் படுங்கள். இரைப்பையின் வளைவு அந்தப் பக்கம் தாழ்வதால் அமிலம் மேலே ஏறுவது குறையும்.

இவ்வளவு மெனக்கெட்டுத் தூங்கினால் என்ன கிடைக்கும் என்று கேட்கிறீர்களா? முதலில், உயரம்! பகலெல்லாம் அமுங்கிய முதுகெலும்புத் தட்டுகள் இரவில் நீரை இழுத்து உப்புகின்றன. காலையில் எழும்போது ஒவ்வொருவரும் இரவைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கிறோம். சாயங்காலத்துக்குள் அது குறைந்துவிடும், மறுபடி இரவு, மறுபடி உயரம்.

அடுத்தது மதிப்பெண். 1924இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சோதனைக்கு உட்பட்டவர்கள் இரண்டே இரண்டு மாணவர்கள். பொருளில்லாத பத்து அசைகளை மனப்பாடம் செய்ய வேண்டும். சில நாள் படித்ததும் தூங்குவார்கள், சில நாள் படித்துவிட்டு விழித்திருப்பார்கள். எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டால்? விழித்திருந்தபோது பத்தில் ஒன்றுதான் நினைவில் நின்றது. தூங்கியபோது பாதிக்கு மேல்! அதே மாணவர்கள், அதே மாதிரி அசைகள். நடுவில் தூக்கம் இருந்ததா இல்லையா என்பது மட்டும்தான் வேறுபாடு. பரீட்சைக்கு முந்தின இரவு முழுக்கக் கண் விழிக்கிற பிள்ளைகளிடம் இதை யாராவது உரக்கப் படித்துக் காட்டுங்களேன்.

ஹாஸ்டலுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மெத்தையை முதலிலேயே வாங்கிவிடாதீர்கள், கட்டிலை அங்கே போய் அளந்தபின் வாங்குங்கள். பெட்டியில் ஒரு கோரைப்பாயும், அலமாரியில் சும்மா கிடக்கும் இரண்டு பருத்திச் சேலைகளும், ஒரு கொசுவலையும் இப்போதே வையுங்கள்.